வீட்டு மரங்கள்: கூப்பிடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்துக்கும் கேளம்பாக்கத்துக்கும் நடுவில் வீட்டு மரங்களுக்குக் கவாத்துச் செய்வது என் பிழைப்பு. புரட்டாசி பாதி தாண்டினால் போன் ஓயாது. ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் வருடா வருடம் அதேதான். ஒரு கையில் போனும் ஒரு கையில் ரம்பமுமாகக் கிளை மேல் உட்கார்ந்து பதில் சொல்ல முடியவில்லை, எழுதி வைத்துவிட்டேன். சமவெளியில், காம்பவுண்டுக்குள் நிற்கிற மரங்களுக்கான பதில்கள் இவை. தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

மழை வரப்போகிறது. வேப்பமரத்தை மொட்டையடித்துவிட வருவீர்களா?

வருவேன். மொட்டையடிக்க மாட்டேன்.

முக்கால்வாசி அழைப்புகள் இதற்குத்தான் வருகின்றன. உச்சியை வெட்டி, கிளைகளை எல்லாம் பாதியில் தறித்து, நடுவில் நாலைந்து கட்டைகளை மட்டும் நிறுத்திவிட்டால் புயலுக்கு மரம் விழாது என்று நினைக்கிறார்கள். அந்த ஒரு வருடத்துக்கு அது உண்மையாகக்கூட இருக்கும். பிறகு நடப்பதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இலை போனால் மரத்துக்குச் சாப்பாடு போச்சு. பதறிப்போய், சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் செலவழித்து, வெட்டின கட்டையைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகச் சிம்பு விடும். பார்ப்பவர்கள் "எவ்வளவு ஜோராத் துளிர்த்திருக்கு பாருங்க" என்பார்கள். இயல்பாக வளர்ந்த கிளை தண்டின் உள்ளே வரை பிடிப்போடு இருக்கும். இந்தச் சிம்புகளோ பட்டைக்கு அடியில் மேலாக ஒட்டிக்கொண்டிருப்பவை. மூன்று நாலு வருடத்தில் அவை தொடை கனத்துக்கு வந்துவிடும். அவை உட்கார்ந்திருக்கிற கட்டையோ மழைத்தண்ணீர் இறங்கி உள்ளே உளுத்துப் போயிருக்கும். அடுத்த பெருங்காற்றில் கார் மேல் விழுவது அந்தக் கிளைதான். ஒரு தடவை மொட்டையடித்த மரத்தை ஆயுள் முழுக்கக் கண்காணிக்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் என்ன செய்யலாம்? காய்ந்தது, உளுத்தது, ஒன்றோடொன்று உரசுவது, கூரை மேல் நீண்டு கிடப்பது, இவற்றை எடுத்தாலே காற்று ஊடே புகுந்து போக வழி கிடைத்துவிடும். நீளமான கிளையைக் குறைக்க வேண்டுமென்றால், அதிலிருந்தே பிரிகிற ஒரு பக்கக் கிளை வரைக்கும் கொண்டுவந்து வெட்ட வேண்டும். அந்தப் பக்கக் கிளை மிச்சப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். ஒரு வருடத்தில் பச்சையில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. வயதான மரம் என்றால் அதுவும் அதிகம்.

உள்பக்கச் சிறு கிளைகளை எல்லாம் வழித்துவிட்டு நுனியில் மட்டும் குஞ்சம் விடுவது இன்னொரு தப்பு. பார்க்க 'க்ளீனாக' இருக்கும், ஆட்கள் சந்தோஷமாகக் காசு கொடுப்பார்கள். ஆனால் பாரம் எல்லாம் நுனிக்குப் போய், தூண்டில் கழி மாதிரி ஆடி ஒடியும்.

எந்த மாதம் வெட்டுவது நல்லது?

காய்ந்த கிளைக்கு நாள் நட்சத்திரம் இல்லை, இன்றைக்கே எடுக்கலாம். பச்சைக் கிளையாக இருந்தால் சென்னைப் பக்கத்துக்கு ஆடி, ஆவணி. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதற்குள் வெட்டின இடம் கொஞ்சம் ஆறியிருக்கும். மாமரத்துக்கும் அதே காலம் ஒத்துவரும், காய் பறித்து முடிந்திருக்கும். மார்கழி, தை வாக்கில் மாவை வெட்டினால் அந்த வருடப் பூவை வெட்டினதாக அர்த்தம். சித்திரைக் கத்திரி வெயிலில் பெரிய கிளையை எடுத்தால், அதுவரை நிழலில் இருந்த பட்டை வெந்து வெடிக்கும்.

புயல் எச்சரிக்கை வந்த பிறகு கூப்பிடாதீர்கள். அன்றைக்கு மரத்தில் ஆள் ஏற்ற மாட்டேன்.

கிளையை எந்த இடத்தில் வெட்ட வேண்டும்? தண்டோடு ஒட்ட வழித்துவிடலாமா?

கூடாது. நீளமாகக் கட்டை விடவும் கூடாது. இது இரண்டுக்கும் நடுவில் விரல் கனத்து விஷயம்.

கிளை தண்டோடு சேருகிற இடத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மேல்பக்கம் பட்டை மடிந்து ஒரு சுருக்கம் தெரியும். அடிப்பக்கம் சட்டைக் காலர் மாதிரி லேசாக உப்பியிருக்கும். அந்தக் காலர் தண்டைச் சேர்ந்தது. காயத்தை மூடுகிற திசு அங்கேதான் இருக்கிறது. அதை வெட்டாமல், அதற்கு வெளியே ஒட்டினாற்போல் அறுக்க வேண்டும்.

கிளை மணிக்கட்டுக்கு மேல் கனமென்றால் மூன்று வெட்டு. முதலில் தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, அடியிலிருந்து மேல்நோக்கி மூன்றில் ஒரு பங்கு அறுக்க வேண்டும். அடுத்து அதற்கும் நாலு விரல் வெளியே, மேலிருந்து கீழாக. கிளை 'மளுக்'கென்று முறிந்து விழும். அடியில் வெட்டு இருப்பதால் பட்டை உரிந்து தண்டு வரை கிழியாது. மிச்சமிருக்கும் முழக் கட்டையைக் கையால் தாங்கிக்கொண்டு, மூன்றாவது வெட்டாகக் காலருக்கு வெளியே நிதானமாக அறுக்கலாம். முதல் வெட்டைச் சோம்பேறித்தனப்பட்டு விட்டவர்களால்தான் தண்டில் ஆளுயரத்துக்குத் தோல் உரிந்த மரங்களைத் தெருவெல்லாம் பார்க்கிறோம்.

சரியாக வெட்டியிருந்தால் அடுத்த வருடம் காயத்தின் விளிம்பு உளுந்து வடை மாதிரி முழு வட்டமாகத் திரண்டு, உள்நோக்கி மூடிக்கொண்டு வரும். இரண்டு ஓரத்தில் மட்டும் திரண்டு மேலும் கீழும் திறந்திருந்தால், ஒட்ட வெட்டிவிட்டார்கள் என்று புரிந்துகொள்ளலாம். உங்கள் வீட்டுப் பழைய வெட்டுகளைப் பார்த்தாலே முன்னால் வந்த ஆளின் லட்சணம் தெரிந்துவிடும்.

வெட்டின இடத்தில் சாணி, தார், பெயிண்ட் ஏதாவது பூச வேண்டுமா? பொந்தில் சிமெண்ட் அடைக்கலாமா?

அப்படியே விட்டுவிடுங்கள். அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களை மெஷின் ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்து, அழுகல் உள்ளே எப்படிப் பரவுகிறது என்று பார்த்தார். 1970களில் அவர் எழுதிய பிறகுதான் இந்தத் தொழிலின் போக்கே மாறியது. நம் தோல் புண் போல மரத்தின் புண் ஆறுவதில்லை. கெட்டுப்போன பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அதை உள்ளேயே அடைத்துவிட்டு, வெளியே புதிய கட்டையை வளர்த்துக்கொள்கிறது. தாரும் பெயிண்டும் அந்த வேலையில் ஒரு உதவியும் செய்வதில்லை. ஈரத்தை உள்ளே பூட்டி வைத்துப் பூஞ்சைக்கு வசதி செய்து கொடுத்துவிடும்.

மா மாதிரி பழ மரங்களில், பிசின் வடிகிற வியாதி இருந்தால், வெட்டின இடத்துக்குப் போர்டோ பசை பூசச் சொல்கிறார்கள். அது மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சைக்கொல்லி. பூசலாம்.

சிமெண்ட் வேண்டவே வேண்டாம். மரம் ஆடும், சிமெண்ட் ஆடாது. உரசி உரசி உள்ளே மரம் எழுப்பிய சுவரையே உடைத்துவிடும். அப்புறம் என்றைக்காவது வெட்ட வருகிறவனின் ரம்பச் சங்கிலியும் போகும். எனக்கு இரண்டு போயிருக்கிறது.

எந்த மரம் புயலில் விழும்? எங்கள் வீட்டு மரம் ஆபத்தானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

2016 டிசம்பர் 12, வர்தா. சென்னையில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். மத்தியானம் ஒரு பக்கமிருந்து அடித்தது, புயலின் கண் கடந்தபோது கொஞ்ச நேரம் ஓய்ந்தது, பிறகு எதிர்ப்பக்கமிருந்து அடித்தது. முதல் காற்றில் வேர் இளகிய மரங்கள் இரண்டாவது காற்றில் சாய்ந்தன. குல்மோகர், இயல்வாகை, தூங்குமூஞ்சி என்று வேகமாக வளர்ந்து நிழல் கொடுக்கிற மரங்கள்தான் தெருத் தெருவாகக் கிடந்தன. மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மோகருக்குக் கட்டை லேசு, வேரும் மேலாகவே ஓடும். புன்னை, பூவரசு, மகிழம், நாவல் இவையெல்லாம் இவற்றைவிடத் தாங்கும்.

அதற்காக 'நாட்டு மரம் விழாது' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். வேம்பும் விழுந்தது. 2018 நவம்பர் 16 கஜாவில் டெல்டாவின் தென்னந்தோப்புகள் தோப்பு தோப்பாகப் படுத்தன. வேம்பு விழுந்த வீடுகள் பலவற்றில் குழியை எட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் வேரே இல்லை. காம்பவுண்டு போட்டபோதோ கழிவுநீர்க் குழாய் பதித்தபோதோ வெட்டியிருந்தார்கள். மரத்தின் ஜாதியைவிட அதன் வேருக்கு நாம் என்ன செய்தோம் என்பது முக்கியம்.

பார்க்க வேண்டியவை: தூரைச் சுற்றி மண் ஒரு பக்கம் வெடித்தோ மேலெழும்பியோ இருக்கிறதா. தூரில் காளான் முளைக்கிறதா (தட்டுத் தட்டாக, கெட்டியாக இருந்தால் உள்ளே அழுகியிருக்கிறது). இரண்டு பெரிய கிளைகள் 'V' போல நெருக்கமாகப் பிரிந்து, இடுக்கில் பட்டை உள்வாங்கியிருக்கிறதா. முன்பு இல்லாத சாய்வு புதிதாக வந்திருக்கிறதா. பிறவியிலேயே சாய்ந்து வளர்ந்த மரம் பரவாயில்லை, அதற்கேற்ப வேர் விட்டிருக்கும். போன மாதம் சாயத் தொடங்கியதுதான் பயப்பட வேண்டியது.

தண்டைச் சுத்தியலின் மரப்பிடியால் தட்டிப் பார்ப்பது பழைய வழக்கம். கெட்டியான இடத்தில் 'டக் டக்', பொந்தாக இருந்தால் 'டொம் டொம்'. பொந்து இருந்தாலே வெட்ட வேண்டும் என்றில்லை. சுற்றிலும் கெட்டிக் கட்டை போதுமான கனத்துக்கு இருந்தால் குழாய் மாதிரி நின்றுவிடும்.

வேர் சுவரையும் சம்ப்பையும் உடைத்துவிடுமா?

வேர் ஈரத்தைத் தேடிப் போகும். ஓட்டையில்லாத குழாயை வேர் உடைப்பது அபூர்வம். மூட்டு கசிந்தால் மயிரிழை வேர் நுழையும், உள்ளே போய்த் தடிக்கும். ஆகவே குழாயைச் சரிசெய்யாமல் வேரை மட்டும் வெட்டினால் ஆறு மாதத்தில் திரும்ப வரும். ஆல், அரசு, அத்தி வகைகள் மட்டும் விதிவிலக்கு. அவற்றை வீட்டுப் பக்கம் வைக்கவே வேண்டாம்.

ஆணிவேர் பாதாளம் வரை போகிறது என்று படம் போட்டுப் படித்திருப்போம். வளர்ந்த மரத்தில் உணவெடுக்கும் வேர் பெரும்பாலும் மேல் இரண்டடி மண்ணில்தான் இருக்கிறது. கிளை விரிந்த எல்லையையும் தாண்டிப் பக்கவாட்டில் ஓடும். அதனால் பள்ளம் தோண்டும்போது தண்டு ஒரு அடி விட்டம் என்றால் குறைந்தது ஆறு அடி தள்ளித் தோண்டுங்கள், இரண்டு அடி என்றால் பன்னிரண்டு. வேறு வழியே இல்லையென்றால் ஜேசிபியை விட்டுப் பிடுங்காமல், கடப்பாறையால் மண்ணை எடுத்து வேரை ரம்பத்தால் நேராக அறுங்கள். பிய்ந்த வேர் அழுகும்.

தூர் வரைக்கும் டைல்ஸ் ஒட்டுவது இப்போது நாகரிகம். மரத்துக்கு மூச்சு முட்டும். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருந்த கான்கிரீட்டை எடுக்கச் சொல்லி 2013இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவே போட்டது. உங்கள் வீட்டில் அந்த ஒரு மீட்டரை விட உத்தரவு தேவையில்லை. தூரைச் சுற்றி ஒரு அடிக்கு மண் கொட்டி மேடாக்குவதும் தப்பு, பட்டை அழுகும். சருகைப் பரப்புங்கள், தண்டில் படாமல்.

தென்னையில் எத்தனை மட்டை கழிக்க வேண்டும்? ஏறுகிறவர் எல்லாவற்றையும் கழித்துவிடுகிறார்.

காய்ந்து தொங்குவதை மட்டும். தேங்காய் பறிக்கக் கூப்பிட்டால் 'சுத்தம் பண்ணிட்டேன்' என்று பச்சை மட்டைகளையும் வெட்டி, குருத்தை மட்டும் துடைப்பம் மாதிரி நிறுத்திவிட்டு இறங்குகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு மட்டையின் கணுவிலும் ஒரு பாளை. மட்டை போனால் குலைக்குத் தாங்கலும் இல்லை, சத்தும் இல்லை.

அதைவிடப் பெரிய ஆபத்து சிவப்புக் கூன்வண்டு. பச்சைக் காயத்தின் வாசனைக்குத்தான் அது வரும். பச்சை மட்டையை வெட்டியே ஆக வேண்டுமென்றால் தண்டிலிருந்து நாலடி மட்டையை விட்டு வெட்டச் சொல்லுங்கள். வண்டு அங்கே முட்டையிட்டாலும் புழு தண்டுக்குள் போய்ச் சேராது. ஏற வசதியாகத் தண்டில் படி வெட்டுவதை அனுமதிக்கவே அனுமதிக்காதீர்கள்.

கூன்வண்டு இருக்கிறதா என்று பார்க்க: தண்டில் சின்ன ஓட்டை, அதிலிருந்து பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பான சாறு, மென்று துப்பின மாதிரி நார். சந்தேகம் வந்தால் ராத்திரி சத்தம் அடங்கின பிறகு தண்டில் காதை ஒட்டி வைத்துக் கேளுங்கள். 'கறுக் கறுக்' என்று கேட்டால் புழு உள்ளே தின்றுகொண்டிருக்கிறது. இந்த நிலையில் வட்டார வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டு, வேர் வழியாக மருந்து கொடுக்கலாம். நடுக்குருத்தே சாய்ந்துவிட்டால் காப்பாற்ற முடியாது. வெட்டி, தண்டைப் பிளந்து எரித்துவிட வேண்டும். அப்படியே போட்டு வைத்தால் பக்கத்து வீட்டு மரத்துக்கு அங்கிருந்துதான் போகும்.

விரிந்த ஓலை கத்திரிக்கோலால் விசிறி மாதிரி வெட்டினதுபோல் இருந்தால் அது காண்டாமிருக வண்டு. குருத்தைத் துளைக்கும்; அந்தத் துளை கூன்வண்டுக்கு வாசல். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம், உச்சியின் உள்பக்க மூன்று மட்டை இடுக்குகளில் போடுவது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. இந்த வண்டு வளர்வது எருக்குழியில். 'வீட்டுக் கழிவை உரமாக்குகிறேன்' என்று தொட்டி வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு முறை கிளறி, கட்டைவிரல் கனத்துக்கு வெள்ளைப் புழு சுருண்டு கிடந்தால் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

தென்னை ஓலையெல்லாம் கறுப்பாகிவிட்டது. கீழே நிற்கும் காரிலும் பிசுக்கு.

சுருள் வெள்ளை ஈ. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டு, பிறகு எங்கும் பரவிவிட்டது. ஓலையின் அடியில் சுருள் சுருளாக வெள்ளைக் கோலம் போட்டிருக்கும். அது கழிக்கும் தேன் போன்ற திரவத்தில்தான் கரும்பூசணம் வளர்கிறது. கறுப்பு அசிங்கம், ஆனால் மரத்தைக் கொல்லாது.

பூச்சிமருந்து அடிக்காதீர்கள். என்கார்சியா என்று ஒரு குட்டிக் குளவி இந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அழிக்கிறது. மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான். எட்டுகிற உயரமென்றால் ஓலையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள். கறுப்பு போக, லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா கரைத்துக் காய்ச்சி ஆறின கஞ்சியைத் தெளித்தால் வெயிலில் காய்ந்து பொருக்குப் பொருக்காக உதிரும். காருக்கு வேறு நிழல் பாருங்கள்.

தென்னையில் குரும்பை (பிஞ்சு) கொட்டுகிறது.

கொஞ்சம் கொட்டுவது இயல்பு. நிறையக் கொட்டினால் பெரும்பாலும் தண்ணீரும் சாம்பல் சத்தும் போதவில்லை. காய்க்கும் மரத்துக்கு வருடத்துக்கு 50 கிலோ தொழுவுரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ். இதை இரண்டாகப் பிரித்து ஆனி–ஆடியில் பாதி, மார்கழி–தையில் பாதி. தூரில் கொட்டாதீர்கள், ஆறடி தள்ளி வட்டமாகப் போட்டுக் கொத்தி, தண்ணீர் விடுங்கள்.

வேப்பமரம் திடீரென்று கருகிவிட்டது. யாரோ ஆசிட் ஊற்றியிருப்பார்களோ?

பக்கத்து வீட்டுக்காரர் மேல் சந்தேகப்பட்டு என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டவர்கள் இருக்கிறார்கள். மழைக்குப் பிறகு குளிர் மாதங்களில் கிளை நுனிகள் நெருப்பு பட்டதுபோல் காய்ந்து தொங்கினால், அது தேயிலைக் கொசு என்ற சாறுறிஞ்சும் பூச்சியும் நுனிக்கருகல் பூஞ்சையும் சேர்ந்து செய்கிற வேலை. 2021இல் தெலங்கானாவில் ஊர் ஊராக வேம்பு இப்படிக் கருகி, மரமே செத்துவிட்டது என்று பயந்தார்கள். வெயில் ஏறினதும் பெரும்பாலான மரங்கள் தானே துளிர்த்துவிடும். பங்குனி, சித்திரை வரை பொறுங்கள். துளிர்க்காமல் நிற்கும் நுனியை மட்டும் பச்சைக்கு இறக்கி வெட்டலாம். பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், அடியில் பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது.

மாமரத்தில் வேறு மாதிரி இலை ஒரு கொத்து வளர்ந்திருக்கிறது. அப்புறம், தண்டிலிருந்து மரத்தூள் கொட்டுகிறது.

இலைக் கொத்து புல்லுருவி. குருவி எச்சத்தில் வந்து முளைத்து, மாமரத்துக் கிளைக்குள் வேரை இறக்கிச் சாறு குடிக்கும். புல்லுருவியை மட்டும் பிய்த்தால் திரும்ப வரும்; அது ஒட்டியிருக்கும் இடத்துக்கு ஒரு முழம் கீழே மாங்கிளையோடு சேர்த்து வெட்ட வேண்டும். பூத்துப் பழம் வைப்பதற்குள் வெட்டினால் மற்ற கிளைகளுக்குப் பரவாது.

மரத்தூள் தண்டுத் துளைப்பான். புதுத் தூள் எந்த ஓட்டைக்குக் கீழே கிடக்கிறது என்று பார்த்து, நுனியை வளைத்த சைக்கிள் கம்பியை விட்டுத் துழாவுங்கள். புழு மாட்டும்போது மெத்தென்று தெரியும். இழுத்துப்போட்டுவிட்டு ஓட்டையைக் களிமண்ணால் அடைத்துவிடலாம்.

முருங்கையில் கம்பளிப்பூச்சி.

பகலில் தண்டில் கும்பலாக ஒட்டியிருக்கும்போது துணி சுற்றிய பந்தத்தைக் கொளுத்தி லேசாக வாட்டிவிடுவது ஊர் வழக்கம். பட்டை வேகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முருங்கை ஒன்றை மட்டும் நான் தாராளமாக வெட்டுவேன், அது ஒடித்து வளர்க்கிற மரம்தான். காய்ப்பு முடிந்ததும் இடுப்புயரத்தில் வெட்டிவிட்டால் கைக்கெட்டும் உயரத்தில் திரும்பக் காய்க்கும். இதன் கிளையில் மட்டும் ஆளை ஏற்றாதீர்கள், சொல்லாமல் ஒடியும்.

கிளை மின்கம்பியில் உரசுகிறது. நீங்கள் வெட்டித் தருவீர்களா?

மின்சாரத்தை நிறுத்தாமல் தொட மாட்டேன். பச்சைக் கிளையும் ஈரத் தொரட்டியும் மின்சாரத்தைக் கடத்தும். அலுமினிய ஏணியைச் சொல்லவே வேண்டாம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987இல் புகார் கொடுங்கள், அவர்கள் லைனை நிறுத்தி வெட்டுவார்கள். அவசரத்தில் அவர்கள் மொட்டையாகத் தறித்துவிட்டுப் போவார்கள் என்பது உண்மைதான். பிறகு நான் வந்து காலர் வரை சரிசெய்து தருகிறேன்.

என் வீட்டு மரத்தை வெட்ட அனுமதி வேண்டுமா?

வாசலுக்கு வெளியே, தெருவில் நிற்பது நீங்களே நட்டிருந்தாலும் உங்களுடையது அல்ல. கிளை கழிக்கக்கூட மாநகராட்சி அல்லது உள்ளாட்சியைக் கேட்க வேண்டும். பொது இடத்து மரத்தை அடியோடு வெட்டுவதென்றால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழு வரை போகும். காம்பவுண்டுக்குள் என்றாலும் சில மரங்களுக்குத் தனிக் கணக்கு: சந்தனத்துக்கு வனத்துறை, பனைக்கு, 2021 அறிவிப்புக்குப் பிறகு, மாவட்ட ஆட்சியர். நீலகிரி, கொடைக்கானல் மாதிரி மலைப்பகுதியில் சொந்த நிலத்து மரத்துக்கும் 1955ஆம் வருட மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி தேவை. மற்றபடி, பெரிய மரம் என்றால் வெட்டுவதற்கு முன்னால் உள்ளூர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ரம்பச் சத்தம் கேட்டால் அக்கம்பக்கத்தில் யாராவது போன் போடத்தான் போகிறார்கள்.

நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒருவர் காசே வேண்டாம், மரத்தை எடுத்துக்கொள்கிறேன் என்கிறார்.

காசு வேண்டாம் என்பவர் மரத்தில் காசைப் பார்த்துவிட்டார். வேம்பு, பூவரசு, பலாவுக்கு மரக்கடையில் நல்ல விலை. கிளை கழிக்க வந்தவர் "சாமி, உள்ளே உளுத்துப்போச்சு, எடுத்துடறதுதான் நல்லது" என்று ஏன் சொல்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். கூலிக்கும் மரத்துக்கும் தனித்தனியாகப் பேசுங்கள். கூலி மரத்தின் உயரத்தைவிட, அடியில் இடம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. காலி மனையில் தள்ளிவிடுவது அரை நாள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு மேல் கயிறு கட்டித் துண்டு துண்டாக இறக்குவது இரண்டு நாள்.

வந்தவரிடம் முதலில் "எந்தக் கிளையை எடுப்பீங்க, ஏன்?" என்று கேளுங்கள். மரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து, அண்ணாந்து பார்த்து, அப்புறம் பேசுகிறவர் நல்ல ஆள். இடுப்புப் பெல்ட், தலைக்கவசம், இரண்டாவது கயிறு இருக்கிறதா பாருங்கள். மெஷின் ரம்பத்தை ஒற்றைக் கையில் பிடித்து ஏறுகிறவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அவர் விழுந்தால் அது உங்கள் வாசலில். விபத்துக் காப்பீடு உண்டா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தென்னை ஏறுகிறவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியமே இயந்திரத்தில் ஏறப் பயிற்சியும் 'கேர சுரக்ஷா' என்ற காப்பீடும் தருகிறது. பயிற்சி எடுத்தவர் கிடைத்தால் விடாதீர்கள்.

மொட்டைமாடிச் சுவரில் ஆலங்கன்று முளைத்திருக்கிறது.

இன்றைக்கே பிடுங்குங்கள். விரல் நீளத்தில் இருக்கும்போது கையோடு வரும். பென்சில் கனமானால் பூச்சை உடைத்து வேரை எடுத்து, விரிசலைச் சிமெண்டால் அடைக்க வேண்டும். இங்கே மட்டும் சிமெண்ட்.

புயலில் சாய்ந்த மரத்தை நிமிர்த்த முடியுமா?

தண்டு தொடை கனத்துக்குள் இருந்து, வேரில் பாதியாவது மண்ணுக்குள் இருந்தால் முடியும். முதல் இரண்டு நாளில் செய்ய வேண்டும். அதுவரை வெளியே தெரியும் வேர் மேல் ஈரச் சாக்குப் போட்டு வையுங்கள், வெயில் பட்டால் போச்சு. பிய்ந்த வேரை நேராக அறுத்துவிட்டு, விழுந்த பக்கம் குழியைக் கொஞ்சம் ஆழப்படுத்தி, வேர் மடங்காமல் உட்கார இடம் செய்ய வேண்டும். கிளையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு, நாலு பேர் கயிற்றில் மெதுவாக இழுத்தால் எழும்பும். வேரைக் குறைத்த மரத்துக்குப் பாரத்தையும் குறைத்தாக வேண்டும் என்பதால், முருங்கையை விட்டால் கால் பங்குக் கணக்கை மீறுவது இங்கே ஒன்றில்தான். மண்ணைக் கட்டி கட்டியாகக் கொட்டாமல் தண்ணீரோடு கரைத்து இறக்கினால் இடுக்கெல்லாம் நிறையும்.

மூன்று பக்கம் கயிறு கட்டி முளையடியுங்கள். தண்டில் படும் இடத்தில் பழைய சைக்கிள் டியூப். முறுக்கிக் கட்டாதீர்கள், காற்றுக்குக் கொஞ்சம் ஆட வேண்டும். ஆடினால்தான் புது வேர் பிடிக்கும். வர்தா முடிந்து மேடவாக்கத்தில் ஒரு பாட்டி வீட்டில் இப்படி நிமிர்த்திய சீத்தா மரம் மூன்று மாதம் குச்சியாக நின்றது. "எடுத்துடலாமாப்பா?" என்று வாரா வாரம் போன் வரும், "இருக்கட்டும் பாட்டி" என்பேன். மாசிக் கடைசியில் அடித்தண்டில் அரிசி அளவுக்கு ஒரு துளிர். கயிற்றை ஒன்றரை வருடம் கழித்துத்தான் அவிழ்த்தோம். அவிழ்க்க மறந்து தண்டுக்குள் கயிறு புதைந்துபோன மரங்களும் உண்டு, ஆகவே அவிழ்க்க வேண்டிய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.